மருந்தை மாற்றும் ஈரல்: விலங்குடலில் மலேரியா மருந்துகள்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
உயிரியல் பகுதி: அனுசேபமும் கழிவகற்றலும் – பிரயோகப் பாடம்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• வாய்வழி உட்கொள்ளப்படும் மருந்தொன்று உடலில் கடக்கும் நான்கு படிகளையும் ஒழுங்குமுறையில் விவரிப்பீர்கள்.
• மருந்துகளின் அனுசேபத்தில் ஈரல் வகிக்கும் பங்கை உதாரணங்களுடன் விளக்குவீர்கள்.
• விலங்குகளில் பெறப்பட்ட முடிவுகளை மனிதருக்கு அப்படியே பிரயோகிக்க முடியாமைக்கான காரணங்களைக் கூறுவீர்கள்.
• அரைவாழ்வுக் காலம், ஒட்டுண்ணி குறைந்த சதவீதம் ஆகியவை தொடர்பான எளிய கணிப்புகளைச் செய்வீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, காய்ச்சல் வந்தால் ஒரு குளிசையை விழுங்குகிறோம். சில மணித்தியாலங்களில் காய்ச்சல் தணிகிறது. இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் இடையில் உடலினுள் நடப்பது என்ன? குளிசையில் இருந்த அதே பொருள்தான் குருதியில் சுற்றித் திரிந்து நோயைக் குணமாக்கியதா?

"ஆம்" என்று விடையளிக்கவே நமக்குத் தோன்றும். ஆனால் அது எப்போதும் சரியன்று. சில மருந்துகளை ஈரல் அழித்து விடுகிறது. வேறு சில மருந்துகளையோ ஈரல்தான் உருவாக்குகிறது. இதனை விஞ்ஞானிகளுக்குத் தெளிவாகக் காட்டியவற்றுள் மலேரியா மருந்துகள் முக்கியமானவை. கோழிக்குஞ்சு, முயல், சுண்டெலி, குரங்கு ஆகிய விலங்குகளில் அம்மருந்துகள் அடையும் மாற்றங்களை ஆராய்ந்ததன் மூலமே இவ்வறிவு பெறப்பட்டது.

2. ஒட்டுண்ணியை நினைவுகூர்வோம்

மலேரியாவை ஏற்படுத்துவது பிளாஸ்மோடியம் எனும் ஒருகல அங்கியாகும். நோய்த்தொற்றுள்ள பெண் அனோபிலிஸ் நுளம்பு கடிக்கும்போது இது மனித உடலினுள் செல்கிறது. முதலில் ஈரற் கலங்களினுள் புகுந்து பெருகுகிறது. பின்னர் குருதியை அடைந்து செங்குருதிக் கலங்களைத் தாக்குகிறது. காய்ச்சலும் நடுக்கமும் தோன்றுவது இந்த இரண்டாம் கட்டத்திலேயாகும்.

செங்குருதிக் கலங்களை அடையும் முன்னர் ஒட்டுண்ணி ஈரலில் பெருகுகிறது என்பதை 1948 இல் ஷோர்ட், கார்ன்ஹாம் ஆகிய இருவரும் குரங்குகளில் காட்டினர். பிளாஸ்மோடியம் விவாக்ஸ் எனும் இனம் ஈரலில் உறங்குநிலையில் தங்கியிருந்து, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மீண்டும் நோயை உண்டாக்கக் கூடியது.

ஆகவே மலேரியா மருந்து சென்றடைய வேண்டிய இடங்கள் இரண்டு: குருதி, ஈரல். குயினைன் (கொயினா), குளோரோக்குயின் ஆகியன குருதியிலுள்ள ஒட்டுண்ணிகளை அழிக்கின்றன. ஈரலில் உறங்கும் ஒட்டுண்ணிகளை அழிக்க பிறிமாக்குயின் பயன்படுகிறது.

3. ஆய்வுகூடத்தில் எவ்விலங்குகள்?

மனிதரைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணிகள் சாதாரண எலியிலோ கோழியிலோ வளர்வதில்லை. எனவே அவ்வவ் விலங்குகளில் இயற்கையாகவோ எளிதாகவோ வளரும் வேறு பிளாஸ்மோடியம் இனங்களை ஆய்வாளர் பயன்படுத்துகின்றனர்.

(அ) பறவைகள்: 1920களில் ஜேர்மனியில் ரோல் என்பவர் கனேரிப் பறவைகளில் புதிய மருந்துகளைச் சோதித்தார். பின்னர் கோழிக்குஞ்சுகள் பயன்படுத்தப்பட்டன. கோழிகளைத் தாக்கும் பிளாஸ்மோடியம் கலினேசியம் எனும் இனம் இலங்கை உட்பட ஆசிய நாடுகள் சிலவற்றின் கோழிகளில் காணப்படுவதாகும்.

(ஆ) சுண்டெலி: 1948 இல் ஆபிரிக்காவின் கொங்கோ பிரதேசத்தில் மரஎலியொன்றில் வாழும் பிளாஸ்மோடியம் பெர்கை எனும் இனத்தை வின்கே, லிப்ஸ் ஆகியோர் கண்டறிந்தனர். இவ்வினம் ஆய்வுகூடச் சுண்டெலியில் நன்கு வளர்கிறது. சுண்டெலி சிறியது, விரைவில் இனம்பெருகுவது, பேணுவதற்குச் செலவு குறைந்தது. ஆகையால் முதற்கட்டச் சோதனைக்கு இது பெரிதும் பயன்படுகிறது.

(இ) குரங்கு: குரங்கின் உடலமைப்பும் அதன் மலேரியாவும் மனிதரை ஓரளவு ஒத்திருக்கின்றன. எனவே வேறு விலங்குகளில் விடை காண முடியாத வினாக்களுக்கு மட்டும் குரங்குகள் பயன்படுத்தப்படுகின்றன.

1971 இல் சீனாவில் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானியின் குழுவினர் ஒரு மூலிகையிலிருந்து தாழ்ந்த வெப்பநிலையில் பெற்ற சாற்றைச் சுண்டெலிகளிலும் குரங்குகளிலும் சோதித்து வெற்றி கண்டனர். அதிலிருந்து கிடைத்ததே ஆட்டிமிசினின் எனும் மருந்து. இதற்காக அவருக்கு 2015 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசின் ஒரு பங்கு வழங்கப்பட்டது.

4. உடலினுள் மருந்து கடக்கும் நான்கு படிகள்

படி 1 – அகத்துறிஞ்சல்
விழுங்கப்பட்ட மருந்து இரைப்பையில் கரைந்து, பெரும்பாலும் சிறுகுடலின் சடைமுளைகளினூடாகக் குருதியை அடைகிறது. இங்கு ஒரு விடயத்தை நன்கு கவனியுங்கள். சிறுகுடலிலிருந்து வரும் குருதி நேரே இதயத்துக்குச் செல்வதில்லை. ஈரல் வாயி நாளத்தின் வழியே முதலில் ஈரலுக்கே செல்கிறது. எனவே வாயால் உட்கொள்ளும் மருந்து உடலின் ஏனைய பாகங்களை அடையும் முன்னர் ஈரலைக் கடந்தே ஆக வேண்டும். ஊசி மூலம் நாளத்தினுள் ஏற்றப்படும் மருந்துக்கு இந்த முதற்கடப்பு இல்லை.

படி 2 – பரம்பல்
குருதியுடன் சேர்ந்த மருந்து உடலெங்கும் பரவுகிறது. ஆனால் எல்லா இழையங்களிலும் ஒரே செறிவில் பரவுவதில்லை. குளோரோக்குயின் ஒரு மென்மூலமாகும். அது அமிலத்தன்மையுள்ள சிற்றறைகளில் சென்று தேங்குகிறது. ஒட்டுண்ணியின் உணவுப் புன்வெற்றிடம் அமிலத்தன்மையானது. அங்கு ஒட்டுண்ணி ஈமோகுளோபினைச் சமிக்கச் செய்கிறது; அப்போது வெளிப்படும் ஈம் அதற்கு நஞ்சாகும். அந்நஞ்சைத் தீங்கற்ற பளிங்காக்கி ஒட்டுண்ணி தப்பிக்கொள்கிறது. குளோரோக்குயின் இச்செயலைத் தடுப்பதால் ஒட்டுண்ணி தன் நஞ்சினாலேயே இறக்கிறது.

இதே இயல்பினால் விலங்குகளின் ஈரல், மண்ணீரல், சிறுநீரகம், சுவாசப்பை ஆகியவற்றிலும் குளோரோக்குயின் குருதியிலுள்ளதைவிடப் பன்மடங்கு செறிவில் காணப்படுகிறது. மேலும் இது மெலனின் எனும் நிறப்பொருளுடன் பிணைகிறது. மெலனின் அற்ற வெள்ளெலிகளின் கண்களைவிட, நிறமுள்ள எலிகளின் கண்களில் இம்மருந்து மிகுதியாகத் தேங்குவது ஆய்வுகளில் காணப்பட்டது. நீண்டகாலம் இம்மருந்தைப் பெறும் நோயாளரின் விழித்திரையை வைத்தியர்கள் சோதிப்பது ஏன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

படி 3 – அனுசேபம்
ஈரற் கலங்களிலுள்ள நொதியங்கள் மருந்தின் மூலக்கூறுகளை இரசாயன மாற்றத்துக்கு உட்படுத்துகின்றன. இவற்றுள் சைற்றோகுரோம் பி 450 எனும் நொதியத் தொகுதி முக்கியமானது. மாற்றங்களுள் பெரும்பாலானவை ஒட்சியேற்றங்களாகும். இவற்றின் பயனாக மூலக்கூறு பொதுவாக நீரில் கூடுதலாகக் கரையும் இயல்பைப் பெறுகிறது. அதனால் அதனை உடலிலிருந்து அகற்றுவது எளிதாகிறது.

படி 4 – கழிவகற்றல்
நீரில் கரையும் பொருள்கள் சிறுநீரகங்களினால் வடிக்கப்பட்டுச் சிறுநீருடன் வெளியேறுகின்றன. சில பொருள்கள் பித்தத்துடன் குடலை அடைந்து மலத்துடன் வெளியேறுகின்றன. ஆய்வாளர் விலங்கின் சிறுநீரையும் மலத்தையும் சேகரித்துப் பகுத்தாராய்வது இதற்காகவே. கொடுத்த மருந்தில் எவ்வளவு மாறாமல் வந்தது, எவ்வளவு மாறி வந்தது, எப்பொருளாக மாறியது என்பன அவற்றிலிருந்து தெரியவரும்.

பரீட்சைக் குறிப்பு: "அகத்துறிஞ்சல் – பரம்பல் – அனுசேபம் – கழிவகற்றல்" என்ற ஒழுங்கை மாற்றி எழுதுவதும், மருந்தை மாற்றுவது சிறுநீரகம் என எழுதுவதும் மாணவர் விடும் வழக்கமான தவறுகளாகும். மாற்றுவது பிரதானமாக ஈரல். வெளியேற்றுவது பிரதானமாகச் சிறுநீரகம்.

5. முதலாம் ஆய்வு – ஈரல் அழிக்கும் மருந்து

குயினைன் சின்கோனா மரப்பட்டையிலிருந்து பெறப்படுவது. 1820 இல் பிரான்சில் பெல்லற்றியர், கவந்து ஆகியோர் இதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல் யாவாத் தீவு ஜப்பானின் கைக்குச் சென்றது. உலகின் சின்கோனாப் பட்டையில் பெரும்பங்கு அத்தீவிலிருந்தே கிடைத்து வந்ததால் நேச நாடுகளுக்குக் குயினைன் தட்டுப்பாடு ஏற்பட்டது. மலேரியா மருந்துகள் பற்றிய ஆராய்ச்சி விரைவு பெற்றது.

அக்காலத்தில் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ் ஓல்டாம் என்ற பெண் ஆய்வாளரும் எலிஸ் கெல்சி என்பவரும் முயல்களில் குயினைன் அடையும் மாற்றத்தை ஆராய்ந்தனர். முயலின் ஈரலில் குயினைனை ஒட்சியேற்றும் நொதியம் உண்டு. எனவே வளர்ந்த முயலின் உடலில் குயினைன் விரைவாகச் சிதைகிறது. அடுத்து அவர்கள் கருவுற்ற முயல்களை ஆராய்ந்தனர். அவற்றில் குயினைனைச் சிதைக்கும் ஆற்றல் குறைந்திருந்தது. முளையங்களின் ஈரலோ குயினைனைச் சிதைக்கவே இல்லை.

இம்முடிவின் பொருள் என்ன? தாய்க்குத் தீங்கற்ற மருந்து, வயிற்றிலுள்ள குட்டிக்கும் தீங்கற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை. தாயின் ஈரலிடம் இருக்கும் நொதியம் குட்டியின் ஈரலிடம் இல்லாதிருக்கலாம்.

இவ்வாய்வு அத்துடன் முடிந்துவிடவில்லை. பின்னர் பிரான்சிஸ் கெல்சி என அறியப்பட்ட அதே பெண்மணி, 1960 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தில் மருந்துகளைப் பரிசீலிக்கும் பதவியில் சேர்ந்தார். தலிடோமைட் எனும் தூக்க மருந்தை அங்கு விற்பதற்கான விண்ணப்பம் அவரிடம் வந்தது. வேறு பல நாடுகளில் அது ஏற்கனவே விற்பனையில் இருந்தது. ஆயினும் அதன் பாதுகாப்புக்குக் காட்டப்பட்ட சான்றுகள் போதா என அவர் கருதினார். பலமுறை வற்புறுத்தப்பட்டும் அனுமதி வழங்கவில்லை. முயல் முளையங்களில் தாம் கண்டதை அறிந்திருந்தமையால், இம்மருந்து கருவிலுள்ள சிசுவுக்கு என்ன செய்யும் என்ற வினாவையும் அவர் எழுப்பினார்.

1961 இன் இறுதியில் உண்மை வெளிவந்தது. கர்ப்ப காலத்தில் தலிடோமைட் உட்கொண்ட தாய்மாருக்குக் கைகால்கள் குறைவளர்ச்சியுற்ற குழந்தைகள் பிறந்திருந்தன. உலகெங்கும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் 10 000 இற்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகிறது. அனுமதி வழங்கப்படாத அமெரிக்காவில் இப்பாதிப்பு மிகக் குறைவாகவே இருந்தது. 1962 இல் ஜனாதிபதி கெனடி அவருக்கு விருது வழங்கிக் கௌரவித்தார். முயலின் ஈரலிலிருந்து கற்ற ஒரு பாடம், பல்லாண்டுகள் கழித்து மனிதக் குழந்தைகளைக் காக்கத் துணை நின்றது.

6. இரண்டாம் ஆய்வு – ஈரல் உருவாக்கும் மருந்து

1945 இல் பிரித்தானியாவில் கேர்ட், டேவி, ரோஸ் ஆகியோர் புரோகுவானில் எனும் மருந்தை அறிமுகப்படுத்தினர். இது பலுட்றின் என்ற வியாபாரப் பெயரால் அறியப்பட்டது. மலேரியாத் தொற்றுள்ள கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது இது நன்கு பயனளித்தது. மனிதரிலும் பயனளித்தது.

ஆனால் விசித்திரமான ஒன்று கண்டறியப்பட்டது. உடலுக்கு வெளியே, கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கப்பட்ட ஒட்டுண்ணிகளுடன் புரோகுவானிலைச் சேர்த்தபோது அவை இறக்கவில்லை. உடலினுள் கொல்லும் மருந்து கண்ணாடியினுள் ஏன் கொல்லவில்லை?

1947 இல் பிராங்க் ஹோக்கிங் என்பவர் இதற்கு விடை தேடினார். (புகழ்பெற்ற பௌதிகவியலாளர் ஸ்டீபன் ஹோக்கிங்கின் தந்தை இவரே.) மருந்து பெற்ற உடலிலிருந்து எடுத்த குருதிச் சீரம் கண்ணாடிப் பாத்திரத்திலும் ஒட்டுண்ணிகளைத் தாக்கியது. மேலும் மருந்தைச் சிறு துண்டுகளாக்கிய ஈரல் இழையத்துடன் சேர்த்து வைத்தபோதும் அது செயற்றிறன் பெற்றது. ஆகவே மருந்தை மாற்றுவது ஈரலே என்பது தெளிவாயிற்று.

1951 இல் அந்த மாற்றப் பொருள் இனங்காணப்பட்டது. அதுவே சைக்கிளோகுவானில். புரோகுவானில் மூலக்கூறு இரண்டு ஐதரசன் அணுக்களை இழந்து, திறந்த சங்கிலிப் பகுதி வளையமாக மூடும்போது இது உண்டாகிறது. ஐதரசனை இழத்தல் ஓர் ஒட்சியேற்றம் என்பதை இரசாயனவியலில் கற்றிருக்கிறீர்கள்.

போலிக்கமிலம் தொடர்பான ஒரு நொதியத்தைச் சைக்கிளோகுவானில் நிரோதிக்கிறது. அதனால் ஒட்டுண்ணியால் டி.என்.ஏ. இனைத் தொகுக்க முடியாது போகிறது. அதன் பெருக்கம் நிற்கிறது.

இவ்வாறு உடலினுள் மாற்றமடைந்த பின்னரே செயற்றிறன் பெறும் மருந்தை முன்மருந்து என்பர். மலேரியாச் சிகிச்சையில் பயன்படும் ஆட்டிசுனேற்று உடலில் மிக விரைவாக ஈரைதரோ ஆட்டிமிசினினாக மாறுகிறது. ஒட்டுண்ணியைத் தாக்குவதில் முக்கிய பங்கு இந்த மாற்றப் பொருளுக்கே உண்டு.

சிந்திக்க: கண்ணாடிப் பாத்திரச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் புரோகுவானில் "பயனற்றது" எனக் குப்பைத் தொட்டிக்குச் சென்றிருக்கும். உயிருள்ள உடலில் சோதிப்பதன் தேவையை இது காட்டுகிறது.

7. விலங்கிலிருந்து மனிதருக்கு – ஏன் நேரடியாகச் செல்ல முடியாது?

காரணம் 1 – உடற்பருமன்
சிறிய விலங்குகளின் அனுசேப வீதம் உயர்வானது. சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் துடிக்கிறது. எனவே பல மருந்துகள் அதன் உடலிலிருந்து விரைவாக அகற்றப்படுகின்றன. இதனால் ஒரு கிலோகிராம் உடற்றிணிவுக்குரிய மருந்தளவு சுண்டெலிக்குக் கூடுதலாகவும் மனிதருக்குக் குறைவாகவும் அமைகிறது. உடல் மேற்பரப்பை அடிப்படையாகக் கொண்ட முறையில், சுண்டெலிக்குரிய அளவை ஏறத்தாழ 12.3 ஆலும், எலிக்குரியதை 6.2 ஆலும் வகுத்து மனிதருக்குச் சமானமான அளவை ஆய்வாளர் முதற்கட்டமாக மதிப்பிடுவர். இது மதிப்பீடு மாத்திரமே. நோயாளிக்கு மருந்தளவு தீர்மானிக்கும் முறையன்று.

காரணம் 2 – நொதிய வேறுபாடு
ஒவ்வோர் இனத்தினதும் ஈரல் நொதியங்கள் வகையாலும் அளவாலும் வேறுபடுகின்றன. முயல் விரைவாகச் சிதைக்கும் மருந்தை வேறொரு விலங்கு மெதுவாகச் சிதைக்கலாம்.

காரணம் 3 – ஒரே இனத்தினுள்ளும் வேறுபாடு
2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பார்ப்போம். பிறிமாக்குயின் சாதாரண சுண்டெலிகளின் ஈரலிலுள்ள மலேரியா ஒட்டுண்ணிகளைத் தடுத்தது. குறித்த ஒரு நொதியக் கூட்டத்துக்கான பரம்பரையலகுகள் நீக்கப்பட்ட சுண்டெலிகளில் அதே மருந்து பயனளிக்கவில்லை. அந்நொதியத்தின் மனித வடிவத்துக்கான பரம்பரையலகு புகுத்தப்பட்ட சுண்டெலிகளில் பயன் மீண்டும் தோன்றியது. அதே ஆண்டில், இந்நொதியம் குறைவாகத் தொழிற்படும் மனிதரில் பிறிமாக்குயின் பெற்ற பின்னரும் விவாக்ஸ் மலேரியா மீளத் தோன்றியமை தெரிவிக்கப்பட்டது. இருவர் ஒரே குளிசையை ஒரே அளவில் விழுங்கினாலும், அவர்களின் உடலினுள் நடப்பது ஒன்றாக இராது.

8. கணிப்புகள்

அரைவாழ்வுக் காலம்: குருதியில் மருந்தின் செறிவு அரைப்பங்காகக் குறைவதற்கு எடுக்கும் காலம். மனிதரில் ஈரைதரோ ஆட்டிமிசினினுக்கு இது ஏறத்தாழ 1 மணித்தியாலம். பிறிமாக்குயினுக்கு ஏறத்தாழ 6 மணித்தியாலம். குளோரோக்குயினுக்கு வாரங்கள் முதல் மாதங்கள் வரை. விரைவில் மறையும் ஆட்டிமிசினின் வகை மருந்துடன், நீண்டநேரம் தங்கும் வேறொரு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது இதனாலேயே. முதலாவது ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கையை வேகமாகக் குறைக்கும். இரண்டாவது எஞ்சியவற்றை அழிக்கும்.

உதாரணம் 1 (கற்பனைத் தரவு): ஒரு மருந்தின் அரைவாழ்வுக் காலம் சுண்டெலியில் 2 மணித்தியாலம், மனிதரில் 6 மணித்தியாலம். இரண்டிலும் ஆரம்பச் செறிவு 64 அலகுகள். 12 மணித்தியாலத்தின் பின் செறிவுகள் யாவை?
சுண்டெலி: 12 ÷ 2 = 6 தடவைகள் அரைவாசியாகும். 64 → 32 → 16 → 8 → 4 → 2 → 1. விடை 1 அலகு.
மனிதர்: 12 ÷ 6 = 2 தடவைகள். 64 → 32 → 16. விடை 16 அலகுகள்.

உதாரணம் 2 (கற்பனைத் தரவு): நான்கு நாள் சோதனையில், தொற்றுள்ள சுண்டெலிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு தடவை வீதம் நான்கு தடவைகள் மருந்து கொடுக்கப்படும். பின்னர் குருதிப் பூச்சை நுணுக்குக்காட்டியில் நோக்கி, தொற்றுள்ள செங்குருதிக் கலங்களின் சதவீதம் காணப்படும். மருந்து பெறாத கூட்டத்தில் 24 சதவீதம், மருந்து பெற்ற கூட்டத்தில் 6 சதவீதம் எனின், ஒட்டுண்ணி குறைந்த சதவீதம்:
(24 – 6) ÷ 24 × 100 = 75 சதவீதம்.

9. விலங்குகள் மீதான பொறுப்பு

இவ்வறிவின் விலையைச் செலுத்தியவை உயிருள்ள விலங்குகள் என்பதை மறத்தலாகாது. 1959 இல் ரசல், பேர்ச் ஆகிய இருவரும் மூன்று கோட்பாடுகளை முன்வைத்தனர்.
(i) பதிலீடு – இயலுமானவிடத்து விலங்குக்குப் பதிலாகக் கலவளர்ப்பு, கணினி மாதிரி போன்றவற்றைப் பயன்படுத்தல்.
(ii) குறைத்தல் – நம்பத்தக்க முடிவு பெறத் தேவையான ஆகக்குறைந்த எண்ணிக்கையைப் பயன்படுத்தல்.
(iii) செம்மையாக்கல் – நோவும் துன்பமும் குறையும் வகையில் முறைகளைத் திருத்துதல்.

இன்று மருந்தொன்றை மனித ஈரற் கலங்களுடன் சேர்த்து வைத்து, அது அடையும் மாற்றத்தை முன்கூட்டியே அறிய முடிகிறது. ஹோக்கிங் ஈரல் துண்டுகளுடன் செய்த சோதனையின் வழியில் வந்ததே இதுவும். எனினும் முழு உடலில் நடக்கும் நான்கு படிகளையும் ஒருங்கே காட்டும் மாற்றுமுறை இன்னும் முழுமை பெறவில்லை.

10. நமக்கு ஏன் இது தேவை?

1934–35 காலப்பகுதியில் இலங்கையில் பரவிய மலேரியா பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்டது. 2012 இன் பின்னர் உள்நாட்டில் நுளம்பு மூலம் பரவிய நோயாளர் எவரும் பதிவாகாத நிலையில், 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. ஆயினும் நோய்காவும் நுளம்புகள் நாட்டில் உள்ளன. வெளிநாடுகளிலிருந்து திரும்புவோர் ஒட்டுண்ணியைக் கொண்டுவரக் கூடும். அத்தகைய ஒருவருக்கு உரிய மருந்தை, உரிய அளவில், உரிய நாட்களுக்குக் கொடுப்பதிலேயே ஏனையோரின் பாதுகாப்பும் தங்கியுள்ளது. வைத்தியர் "குளிசை முழுவதையும் முடியுங்கள்" எனக் கூறும்போது, அந்நாட்களின் எண்ணிக்கைக்குப் பின்னால் இப்பாடத்தில் கற்ற விடயங்கள் உள்ளன.

ஞாபகத்தில் கொள்க

• வாய்வழி மருந்து முதலில் ஈரலைக் கடந்தே உடலெங்கும் செல்கிறது.
• ஈரல் சில மருந்துகளைச் சிதைக்கிறது (உ+ம்: முயலில் குயினைன்). சிலவற்றைச் செயற்றிறனுள்ளதாக்குகிறது (உ+ம்: புரோகுவானில் → சைக்கிளோகுவானில்).
• முளையத்தின் ஈரலுக்குத் தாயின் ஈரலுக்குள்ள ஆற்றல் இல்லாதிருக்கலாம்.
• இனத்துக்கு இனமும் ஆளுக்கு ஆளும் மருந்தின் அனுசேபம் வேறுபடும்.

பயிற்சி வினாக்கள்

பகுதி 1 – சரியான விடையைத் தெரிவு செய்க.

1. சிறுகுடலில் அகத்துறிஞ்சப்பட்ட மருந்தை ஈரலுக்குக் கொண்டு செல்வது,
(1) ஈரல் நாடி (2) ஈரல் வாயி நாளம் (3) சிறுநீரக நாளம் (4) பெருநாடி

2. புரோகுவானில் சைக்கிளோகுவானிலாக மாறுவது ஓர் ஒட்சியேற்றம் எனப்படுவதற்குக் காரணம்,
(1) நீரை ஏற்றல் (2) ஐதரசனை இழத்தல் (3) ஐதரசனை ஏற்றல் (4) குளோரீனை இழத்தல்

3. நிறமுள்ள எலியின் கண்ணில் குளோரோக்குயின் மிகுதியாகத் தேங்குவதற்குக் காரணமான பொருள்,
(1) ஈமோகுளோபின் (2) பித்தம் (3) மெலனின் (4) போலிக்கமிலம்

4. ஒரு மருந்தின் அரைவாழ்வுக் காலம் 3 மணித்தியாலம். ஆரம்பச் செறிவு 40 அலகுகளாயின் 9 மணித்தியாலத்தின் பின் செறிவு,
(1) 20 (2) 13.3 (3) 10 (4) 5

பகுதி 2 – அமைப்பு வினா

மாணவர் குழுவொன்று வாசித்த ஆய்வின் எளிய வடிவம் கீழே தரப்பட்டுள்ளது.
பாத்திரம் அ: ஒட்டுண்ணி + புரோகுவானில் → ஒட்டுண்ணி வளர்ந்தது.
பாத்திரம் ஆ: ஒட்டுண்ணி + புரோகுவானில் + ஈரல் இழையம் → வளர்ச்சி நின்றது.
பாத்திரம் இ: ஒட்டுண்ணி + ஈரல் இழையம் → ஒட்டுண்ணி வளர்ந்தது.

(i) பாத்திரம் அ இன் அவதானத்திலிருந்து எடுக்கத்தக்க முடிபு யாது?
(ii) பாத்திரம் இ சேர்க்கப்பட்டதன் நோக்கம் யாது?
(iii) ஈரல் இழையத்தை முன்னர் நன்கு கொதிக்க வைத்திருப்பின் பாத்திரம் ஆ இல் எதனை எதிர்பார்ப்பீர்? காரணம் தருக.

பகுதி 3 – கட்டுரை வினா

"விலங்கில் பாதுகாப்பானதாகக் காணப்பட்ட மருந்து, கர்ப்பிணித் தாய்க்கும் பாதுகாப்பானது என முடிவு செய்யலாகாது." முயலில் குயினைன் பற்றிய ஆய்வை ஆதாரமாகக் கொண்டு இக்கூற்றை விளக்குக.

விடைகள்

பகுதி 1: 1 – (2), 2 – (2), 3 – (3), 4 – (4)

பகுதி 2: (i) புரோகுவானில் மாற்றமடையாத நிலையில் இவ்வொட்டுண்ணியைத் தடுப்பதில்லை. (ii) கட்டுப்பாட்டுப் பரிசோதனை. வளர்ச்சி நின்றமைக்கு ஈரல் இழையம் மாத்திரம் காரணமன்று என உறுதிப்படுத்தல். (iii) ஒட்டுண்ணி வளரும். கொதிக்க வைத்தலால் நொதியங்கள் இயல்பு மாறி அழிவதால் மருந்து மாற்றமடையாது.

பகுதி 3 இற்கான குறிப்புகள்: இன வேறுபாடு; வளர்ந்த முயல், கருவுற்ற முயல், முளையம் ஆகியவற்றின் சிதைக்கும் ஆற்றல் ஒப்பீடு; முளைய ஈரலில் நொதியத் தொழிற்பாடு இன்மை; சிதையாத மருந்து முளையத்தில் தங்கி நிற்கக் கூடிய ஆபத்து; தலிடோமைட் நிகழ்விலிருந்து பெற்ற படிப்பினை. ஒவ்வொரு விடயத்தையும் தனிப் பந்தியாக எழுதுங்கள். நிகழ்வை மட்டும் கதையாகச் சொல்லி நிறுத்தாமல், காரணத்தையும் சேர்த்து எழுதினால் முழுப் புள்ளிகளையும் பெறலாம்.